இணையதளத்துக்கு இலவசச் சான்றிதழ்: எதைத் தேர்ந்துகொள்வது?

தபால் அட்டையில் எழுதிய செய்தியை அது கடந்து செல்லும் வழியில் எவரும் படித்துவிடலாம். உறையிலிட்டு ஒட்டிய கடிதத்தை அவ்வாறு படிக்க இயலாது. இணையதளம் ஒன்றுக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையே நடைபெறும் செய்திப் போக்குவரத்தும் இவ்விரு வகைகளில் ஒன்றாகவே இருக்கிறது. பாதுகாப்பில்லாத தளத்தில் மாணவர் பதியும் கடவுச்சொல்லும், விவசாயி தரும் நில விவரமும், பெற்றோர் பார்க்கும் மதிப்பெண் பட்டியலும் தபால் அட்டையைப் போலத் திறந்தபடியே செல்கின்றன. பொது இடங்களில் கிடைக்கும் வைஃபை இணைப்பில் இடையே இருப்பவர் அவற்றைப் படிக்கலாம். படிப்பதோடு நில்லாமல் மாற்றியும் அனுப்பலாம்.

இந்த அபாயத்தை நீக்குவதற்குத் தளத்துக்கு ஒரு மின்னணுச் சான்றிதழ் வேண்டும். முற்காலத்தில் இதனைப் பெரும்பாலும் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. இப்பொழுது கட்டணமின்றியும், மனிதர் கை படாமல் யந்திரமே பெற்றுப் புதுப்பித்துக்கொள்ளும் முறையிலும் சான்றிதழ் வழங்கும் ஸ்தாபனங்கள் சில ஏற்பட்டிருக்கின்றன. பள்ளி, நூலகம், கூட்டுறவுச் சங்கம், விவசாய விரிவாக்க நிலையம் ஆகியவற்றின் தளங்களைக் கவனிக்கும் பொறுப்பு பல இடங்களில் ஓர் ஆசிரியரிடமோ கள ஊழியரிடமோதான் வந்து சேர்கிறது. அத்தகையோர் இவ்விஷயத்தில் எதனைக் கருதித் தேர்வு செய்ய வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றிதழ் செய்யும் வேலை

கடைத்தெருவிலுள்ள தராசையும் எடைக்கற்களையும் எடையளவுத் துறையினர் சோதித்து முத்திரையிடுகின்றனர். பொருள் வாங்குபவர் எடைக்கல்லைத் தாமே சோதித்துப் பார்ப்பதில்லை. முத்திரையை நம்பிப் பணம் கொடுக்கிறார். அந்த முத்திரையும் என்றென்றைக்கும் செல்லுபடியாவதன்று. குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதனைக்கு உட்பட வேண்டும்.

இணையதளச் சான்றிதழும் இவ்வாறே இயங்குகிறது. தளத்தை நடத்தும் சர்வரில் இரண்டு திறவுகோல்கள் உண்டாக்கப்படுகின்றன. ஒன்று இரகசியத் திறவுகோல். அது சர்வரை விட்டு வெளியே செல்லலாகாது. மற்றொன்று எல்லோரும் அறியக்கூடிய பொதுத் திறவுகோல். 'இந்தப் பொதுத் திறவுகோல் இந்தப் பெயருள்ள தளத்துக்கே உரியது' என்று மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுப்பதே சான்றிதழ் ஆகும். அந்த மூன்றாமவருக்குச் சான்று ஸ்தாபனம் என்று பெயர். எந்தெந்த ஸ்தாபனத்தின் கையொப்பத்தை ஏற்கலாம் என்ற பட்டியலை மொஸில்லா, கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. நம் கைபேசியிலும் கணினியிலும் உள்ள உலாவி அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தளத்தை எச்சரிக்கையின்றித் திறக்கிறது.

இங்கு ஒரு விஷயத்தை நினைவில் இருத்த வேண்டும். எடைக்கல்லின் முத்திரை, கல் சரியானது என்று மட்டுமே கூறும். கடையிலுள்ள அரிசி நல்ல அரிசி என்று கூறாது. அதுபோலவே சான்றிதழும், நாம் பேசுவது அந்தப் பெயருள்ள தளத்தோடுதான் என்பதையும், பேச்சு இடையில் ஒற்றறியப்படவில்லை என்பதையும் மட்டுமே உறுதி செய்கிறது. தளத்தை நடத்துபவர் நேர்மையானவரா என்பதை அது கூறுவதில்லை. வங்கியின் பெயரைச் சிறிது மாற்றி எழுதிய போலித் தளமும் தன் பெயருக்குச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள முடியும். மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் தவறாது விளக்க வேண்டும்.

யந்திரங்களுக்கிடையே ஒரு பொது மொழி

2014-ஆம் ஆண்டு நவம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் திட்டம் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. மொஸில்லா, எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன், மிஷிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தோரின் முயற்சியால் தோன்றிய இதனை, இண்டர்நெட் செக்யூரிட்டி ரிசர்ச் குரூப் என்னும் இலாப நோக்கற்ற ஸ்தாபனம் நடத்தி வருகிறது. இதன் முதற் சான்றிதழ் 2015 செப்டம்பர் 14 அன்று வழங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் நூறு கோடிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டுவிட்டன. உலாவியில் திறக்கப்படும் பக்கங்களுள் பாதுகாப்பான முறையில் திறக்கப்படுபவை 2017 ஜூனில் 58 சதவிகிதமாக இருந்து, 2020 பிப்ரவரியில் 81 சதவிகிதமாக உயர்ந்தன.

இம்மாறுதலுக்கு விலையின்மை மட்டுமே காரணமன்று. சான்றிதழ் கேட்கும் யந்திரமும் கொடுக்கும் யந்திரமும் தமக்குள் பேசிக்கொள்வதற்கு 'ஆக்மி' என்னும் பொது விதிமுறை வகுக்கப்பட்டதே முக்கியமான காரணமாகும். இவ்விதிமுறை 2019 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 8555 என்ற எண்ணில் இணையத் தர நிர்ணயமாக வெளியிடப்பட்டது.

அதன் செயல்முறை எளிது. சர்வரில் 'சர்ட்பாட்' போன்ற ஒரு நிரல் நிறுவப்படுகிறது. அது சான்று ஸ்தாபனத்திடம் குறிப்பிட்ட பெயருக்குச் சான்றிதழ் வேண்டுமென விண்ணப்பிக்கிறது. ஸ்தாபனம் உடனே முன்பின் ஊகிக்க முடியாத ஓர் எழுத்துத் தொடரைக் கொடுத்து, அதனைத் தளத்தில் குறித்த இடத்தில் ஒரு கோப்பாக வைக்கும்படி கேட்கிறது. நிரல் அவ்வாறே வைத்ததும், ஸ்தாபனம் அக்கோப்பை 80-ஆம் எண் வாயிலின் வழியாக எடுத்துப் பார்க்கிறது. ஒரே இடத்திலிருந்து பார்த்தால் வழியில் ஏமாற்றப்படக்கூடும் என்பதால், லெட்ஸ் என்கிரிப்ட் 2020 முதல் வலையமைப்பின் வெவ்வேறு இடங்களிலிருந்து இச்சோதனையைச் செய்து வருகிறது. தளப்பெயர் விண்ணப்பித்தவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது என்று தெளிந்தவுடன் சான்றிதழ் கிடைக்கிறது. ஒரு பெயரின் கிளைப் பெயர்கள் அனைத்தையும் அடக்கும் 'வைல்ட்கார்டு' சான்றிதழ் வேண்டுமானால், கோப்புக்குப் பதிலாகப் பெயர்ப் பதிவேடான டி.என்.எஸ்-இல் ஒரு குறிப்பை எழுதிக் காட்ட வேண்டும்.

மூன்று ஸ்தாபனங்களின் ஒப்பீடு

கட்டணமின்றிக் கிடைப்பதாலேயே குறியாக்கத்தின் வலிமை குறைந்துவிடுவதில்லை. விலை கொடுத்து வாங்கும் சான்றிதழ்கள் சிலவற்றில், தளப்பெயரோடு நிறுவனத்தின் சட்டப் பெயரும் விசாரித்து எழுதப்படுகிறது என்பதே வேறுபாடு. ஆகவே இலவச ஸ்தாபனங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வேறு அம்சங்களைப் பார்க்க வேண்டும்.

லெட்ஸ் என்கிரிப்டில் கணக்குத் திறப்பதற்கு எந்த வணிக நிறுவனத்தோடும் உறவு வேண்டுவதில்லை. நிரலே கணக்கை உண்டாக்கிக்கொள்கிறது. நன்கொடைகளும் ஆதரவாளர்களின் உதவியுமே இதன் வருவாய். பதிவு செய்த ஒரு தளப்பெயருக்கு 7 நாட்களில் 50 புதிய சான்றிதழ்கள் என்பது இதன் வழக்கமான வரம்பு. ஒரு பள்ளிக்கு இது மிகையானதே. எனினும் ஒரே பெயர்த் தொகுதிக்கு 7 நாட்களில் 5 முறைக்கு மேல் சான்றிதழ் கிடைக்காது. நிரலை நிறுவிப் பழகுவோர் மீண்டும் மீண்டும் முயன்று இவ்வரம்பில் சிக்கிக்கொள்வதுண்டு. இதற்காகவே ஸ்தாபனம் தனியே ஒரு பரிட்சார்த்த சர்வரை வைத்திருக்கிறது. பழகுவோர் முதலில் அங்கே பழகுதல் நலம்.

கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2022-இல் கூகுள் கிளவுட் வாடிக்கையாளர்களுக்குத் தொடங்கப்பட்ட இதன் ஆக்மி சேவை, 2023-இல் கூகுள் கிளவுட் கணக்குள்ள எவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. முதலில் அக்கணக்கிலிருந்து ஓர் அடையாள எண்ணையும் இரகசியச் சொல்லையும் பெற்று, அவற்றை ஆக்மி நிரலுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் சாதன வசதி இதன் பலம். தனிக் கணக்கொன்றைப் பராமரிக்க வேண்டியிருப்பது இதன் சுமை.

ஜீரோ எஸ்.எஸ்.எல். ஆஸ்திரிய நாட்டில் தோன்றிய வணிக ஸ்தாபனம். செக்டிகோ என்னும் பழைய சான்று ஸ்தாபனத்தைச் சார்ந்து இது சான்றிதழ் வழங்கி வந்திருக்கிறது. இதிலும் முதலில் கணக்குத் திறந்து அடையாள எண் பெற வேண்டும். உலாவியின் மூலம் கையால் சான்றிதழ் பெறும் வழியும் இதில் உண்டு. ஆனால் அவ்வழியில் இலவசமாகக் கிடைப்பவை சிலவே. ஆக்மி வழியைப் பின்பற்றுவோர்க்கே அதிகச் சலுகை. கையால் பெறும் வழி தொடக்கத்தில் சௌகரியமாகத் தோன்றினாலும், சில வாரங்களுக்கு ஒருமுறை ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலையாக அது மாறிவிடுகிறது. தானியக்கத்தின் பயன் அங்கேயே இழக்கப்படுகிறது.

பழைய கைபேசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலச் சான்று ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முற்பட்ட கைபேசிகளின் பட்டியலில் இல்லை. மற்றொரு ஸ்தாபனத்தின் பழைய மூலச் சான்றைக் கொண்டு அவற்றுக்குச் செய்யப்பட்டிருந்த தற்காலிக ஏற்பாடு 2024-இல் முடிவுற்றது. கைமாறி வந்த பழைய கைபேசிகளைப் பயன்படுத்துவோர் தளத்தைப் பார்ப்பவர்களுள் இருப்பாராயின், அப்பகுதியில் கிடைக்கும் மிகப் பழைய கைபேசியில் தளத்தைத் திறந்து பார்த்த பின்னரே ஸ்தாபனத்தை முடிவு செய்தல் வேண்டும். இச்சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஸ்தாபனங்களும் நிலையானவை அல்ல

இலவசமாகக் கொடுப்பவர் நாளை நிறுத்திவிட்டால் என் செய்வது என்ற கேள்வி நியாயமானதே. அவ்வாறு நிகழ்ந்தும் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்டுக்கு முன்னரே, இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டார்ட்காம் ஓராண்டு செல்லும் சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வந்தது. அது சீனாவைச் சேர்ந்த வோஸைன் என்னும் ஸ்தாபனத்தின் கைக்கு மாறிய செய்தி மறைக்கப்பட்டிருந்ததும், தடை செய்யப்பட்ட பழைய முறையில் முன்தேதியிட்டுச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டதும் 2016-இல் வெளிப்பட்டன. மொஸில்லா, ஆப்பிள், கூகுள் ஆகியவை நம்பிக்கையை விலக்கிக்கொண்டன. 2018 ஜனவரி முதல் ஸ்டார்ட்காம் சான்றிதழ் வழங்குவதை நிறுத்திவிட்டது. நார்வே நாட்டின் பைபாஸ் என்னும் ஸ்தாபனத்தின் மீது எவ்விதக் குற்றச்சாட்டும் இல்லை. 180 நாள் செல்லும் இலவசச் சான்றிதழ்களை அது ஆக்மி வழியே கொடுத்து வந்தது. ஆயினும் 2025-இல் அது இத்தொழிலையே கைவிட்டது.

கட்டணம் பெறுவோரும் அரசாங்க ஸ்தாபனங்களும் தவற்றுக்கு அப்பாற்பட்டவர்கள் என்று கருதலாகாது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் வணிக ஸ்தாபனம் 2011-இல் ஊடுருவப்பட்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் வெளிவந்தன. சில வாரங்களில் அது திவாலாயிற்று. நம் நாட்டிலும் 2014 ஜூலையில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்று ஸ்தாபனத்திலிருந்து கூகுளின் தளப்பெயர்கள் சிலவற்றுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டறியப்பட்டது. சான்று ஸ்தாபனங்களின் கட்டுப்பாட்டு அதிகாரி அம்மையத்தின் இடைநிலைச் சான்றுகளை உடனே ரத்து செய்தார். கூகுளின் உலாவியும் இந்திய மூலச் சான்றின் செல்லுபடியைக் குறிப்பிட்ட சில இந்தியத் தளப்பெயர்களோடு நிறுத்திக்கொண்டது.

இத்தகைய அனுபவங்களின் பயனாக இன்று வலுவான பொதுக் கண்காணிப்பு ஏற்பட்டிருக்கிறது. வழங்கப்படும் சான்றிதழ்கள் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் பதியப்படுகின்றன. 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு இப்பதிவு இல்லையெனில் குரோம் உலாவி அவற்றை ஏற்பதில்லை. நம் தளப்பெயரில் நாம் கேளாத சான்றிதழை எவரேனும் பெற்றிருந்தால், அப்பதிவேடுகளில் தேடிக் கண்டுகொள்ளலாம். அன்றியும், எந்த ஸ்தாபனம் மட்டுமே தமக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்பதைத் தள உரிமையாளர் டி.என்.எஸ்-இல் 'சி.ஏ.ஏ.' என்னும் குறிப்பாக எழுதி வைக்கலாம். 2017 செப்டம்பர் முதல் சான்று ஸ்தாபனங்கள் அக்குறிப்பைப் பார்த்தே தீர வேண்டும்.

இக்குறிப்பைச் சரிபார்ப்பதில் லெட்ஸ் என்கிரிப்டே ஒருமுறை தவறியது. நிரலில் இருந்த பிழையொன்றின் காரணமாக, 2020 மார்ச்சில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. குறித்த கெடுவுக்குள் 17 லட்சத்துக்கு மேற்பட்டவை மாற்றப்பட்டன. மீதியை உடனே ரத்து செய்தால் தளங்கள் பல நின்றுவிடும் என்பதால் ஸ்தாபனம் பொறுத்துக்கொண்டது. சான்றிதழை உடனடியாக மாற்றிக்கொள்ளும் திறன் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. எப்பொழுது புதுப்பிக்கலாம் என்பதை ஸ்தாபனமே நிரலுக்கு அறிவிக்கும் துணை விதிமுறை 2025-இல் ஆர்.எஃப்.சி. 9773 என்ற எண்ணில் வெளிவந்தது.

குறைந்து வரும் ஆயுட்காலம்

சான்றிதழ்களின் ஆயுட்காலம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது. திறவுகோல் திருடப்பட்டாலும், தளப்பெயர் கைமாறினாலும், பழைய சான்றிதழ் விரைவில் தானே காலாவதியாகிவிடும் என்பதே இதன் நன்மை. உலாவி நிறுவனங்களும் சான்று ஸ்தாபனங்களும் கூடிய அமைப்பு 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் ஆகும். இது விலைக்கு வாங்கும் சான்றிதழ்களுக்கும் பொருந்தும். ஆண்டுக்கொருமுறை கையால் மாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு இனி இடமில்லை.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது மற்றொன்று. சான்றிதழ் முடிவடையும் தறுவாயில் மின்னஞ்சலில் எச்சரிக்கும் வழக்கத்தை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டது. அக்கடிதம் வரும் என்று காத்திருப்போர் ஏமாற்றம் அடைவர்.

ஊழியர்கள் செய்ய வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை விதிகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஆக்மி முறையில் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். தளம் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வாடகைக்கு இருந்தால், இவ்வசதி உண்டா என்று அந்நிறுவனத்தைக் கேட்டறிய வேண்டும். அரசாங்கத் தளப்பெயர் கொண்ட அலுவலகங்கள் தம் துறையின் விதிகளை அறிந்தபின் செயற்படுதல் அவசியம்.

இரண்டாவதாக, புதுப்பித்தல் உண்மையில் நடைபெறுகிறதா என்று வேறொருவர் கண்காணிக்க வேண்டும். மாதம் ஒருமுறை உலாவியில் சான்றிதழின் முடிவுத் தேதியைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்தால் போதும். 90 நாள் சான்றிதழில் 20 நாட்களே எஞ்சியிருக்குமானால் நிரலில் ஏதோ தடை ஏற்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். 80-ஆம் எண் வாயில் அடைக்கப்பட்டிருப்பது அடிக்கடி காணப்படும் தடையாகும்.

மூன்றாவதாக, இரண்டாவது ஸ்தாபனம் ஒன்றில் முன்கூட்டியே கணக்குத் திறந்து வைத்தல் நலம். ஆக்மி பொது மொழியாகையால், நிரலில் ஸ்தாபனத்தின் முகவரியையும் கணக்கு விவரத்தையும் மாற்றினாலே பெரும்பாலும் போதுமானது. சி.ஏ.ஏ. குறிப்பு எழுதியிருப்பின் அதில் இரு ஸ்தாபனங்களின் பெயர்களும் இருக்க வேண்டும். இல்லையேல் தேவையான வேளையில் இரண்டாவது ஸ்தாபனம் மறுத்துவிடும்.

நான்காவதாக, இரகசியத் திறவுகோலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருவருக்கொருவர் அனுப்புதல் கூடாது. அதனைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை எந்தச் சான்று ஸ்தாபனத்துக்கும் இல்லை.

ஐந்தாவதாக, கணக்குகளைத் தனி நபரின் மின்னஞ்சலில் திறவாமல், அலுவலகத்தின் மின்னஞ்சலில் திறத்தல் வேண்டும். ஆசிரியர் மாறுதலாகிப் போனபின் கணக்கும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுதல் நம் அலுவலகங்களில் புதிய விஷயமன்று. சாவிக்கொத்தையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்படைப்பது போலவே இதனையும் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும்.

முடிவுரை

சான்றிதழ் காலாவதியானால் தளம் கெட்டுவிடுவதில்லை. உலாவி எச்சரிக்கை காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் அதன் விளைவு பெரிது. தேர்வு முடிவு பார்க்க வந்த பெற்றோரிடமும், விதை இருப்பு அறிய வந்த விவசாயியிடமும், 'எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் உள்ளே செல்லுங்கள்' என்று நாம் சொல்ல நேரிடுகிறது. நம்பிக்கைக்குரிய ஆசிரியரும் ஊழியரும் சொன்ன அச்சொல் அவர்கள் மனத்தில் தங்கிவிடுகிறது. நாளை வங்கிப் பணத்தைக் கவர வந்த ஒருவன் இடையில் நின்று போலிச் சான்றிதழைக் காட்டும்போதும், அவர்கள் அதே பொத்தானை அழுத்துவார்கள்.

ஆகவே இலவச ஸ்தாபனங்களுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை ஒரு பெயரில் அடங்குவதன்று. கணக்குத் தொல்லை இல்லாமையாலும் இலாப நோக்கின்மையாலும் சிறிய ஸ்தாபனங்கள் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து தொடங்கலாம். கூகுளையோ ஜீரோ எஸ்.எஸ்.எல்.-ஐயோ துணையாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று நின்றால் மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும்படியும், ஒருவர் மாறுதலானால் அடுத்தவர் அறிந்துகொள்ளும்படியும் ஏற்பாடு செய்திருப்பதே சிறந்த தேர்வு. அவ்வேற்பாட்டுக்குச் செலவு ஏதுமில்லை. மாதம் ஒரு நாள் பதிவேட்டில் ஒரு வரி எழுதும் கவனமே வேண்டும்.